பச்சைக்கிளி வளர்த்தால் ஜெயிலா? எந்தக் கிளியை வளர்க்கலாம், என்ன சாப்பாடு கொடுக்கலாம்? முழு விவரம்

சென்னை அபிராமபுரம், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் மாலை நேரத்தில் மொட்டைமாடிக்குப் போனால் 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டு பச்சைக்கிளிகள் பறப்பதைப் பார்க்கலாம். அதே நேரம், கீழே ஏதோ ஒரு அபார்ட்மென்ட் பால்கனியில் அதே இனக் கிளி ஒன்று கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கவும் கூடும்.

கூண்டில் வைத்திருப்பவரைக் கேட்டால், "சின்னக் குஞ்சுல இருந்து வளர்க்கிறோம், பிள்ளை மாதிரி" என்பார். அந்தப் பாசத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கிளியை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. அதேபோல, பாசத்தோடு கொடுக்கும் பால் சோறும் சூரியகாந்தி விதையும் கிளியின் ஆயுளைக் குறைக்கும் என்பதும் தெரியாது.

எந்தக் கிளியை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது, தினமும் என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்? எல்லாவற்றையும் பார்க்கலாம்.

பச்சைக்கிளி வளர்ப்பது ஏன் குற்றம்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, இந்தியாவில் இயற்கையாகக் காணப்படும் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்து வளர்ப்பதும் தடை செய்யப்பட்டவை. நம்மூரில் அதிகம் பார்க்கும், ஆண் கிளிக்குக் கழுத்தில் வளையம் உள்ள பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும். தோளில் சிவப்புத் திட்டு உள்ள, உருவத்தில் பெரிய அலெக்சாண்டிரின் கிளிக்கும் பொருந்தும். மைனா, முனியா போன்ற நாட்டுப் பறவைகளுக்கும் இதே கதைதான்.

இந்தச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் கொண்டுவரப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. விதியை மீறினால் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

"இதெல்லாம் யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பரபரப்பாகப் பேசப்பட்ட 2 சம்பவங்களே போதும்.

- 2023 பிப்ரவரியில் மறைந்த நடிகர் ரோபோ சங்கரின் சென்னை வீட்டில் இருந்து 2 அலெக்சாண்டிரின் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றினார்கள். அவருக்கு 2.5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

- 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர் தொகுதி பா.ம.க. வேட்பாளரான இயக்குநர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்த வீடியோ வைரலானது. அடுத்து அந்த ஜோசியரிடம் வனத்துறை விசாரணை நடத்தி, கிளிகளைப் பறிமுதல் செய்தது.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பச்சைக்கிளி மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. ஆண்டின் தொடக்க மாதங்களில் குஞ்சு பொரிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பொந்துக்குள் கைவிட்டு, சரியாக இறகு முளைக்காத குஞ்சுகளை எடுக்கிறார்கள். அவற்றை நெருக்கி அடைத்துக் கொண்டுபோகும் வழியிலேயே பல குஞ்சுகள் செத்துப்போகின்றன. தப்பிப் பிழைத்த ஒன்றுதான் வீட்டுக் கூண்டுக்கு வருகிறது. ஒருவர் வாங்கினால், அடுத்த குஞ்சை எடுக்க இன்னொருவர் மரம் ஏறுவார்.

மீனாட்சி கையில் கிளி, ஆண்டாள் தோளில் கிளி, தினைப்புனத்தில் கிளி விரட்டிய சங்க காலப் பெண்கள் என்று கிளிக்கும் நமக்கும் உறவு பழையது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியே தினமும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவதுதான். அலகுக்கு மாதுளம்பூ வைப்பார்கள்.

அப்போ எந்தக் கிளியைத்தான் வளர்க்கலாம்?

வெளிநாட்டு இனங்களை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது.

பதிவு தேவைப்படாதவை: பட்ஜி, காக்டெய்ல், பீச் ஃபேஸ்டு லவ் பேர்ட். நம்மூரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று ஜோடி ஜோடியாக விற்பது பெரும்பாலும் பட்ஜிதான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கிளி இனம் இது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இந்த மூன்று இனங்களும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இல்லை.

கட்டாயம் பதிவு செய்ய வேண்டியவை: ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், காக்கட்டூ, சன் கான்யூர் போன்றவை. பீச் ஃபேஸ்டு தவிர்த்த மற்ற லவ் பேர்ட் இனங்களும் இதில் வரும். இவை சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாட்களுக்குள் பதிவு அவசியம். குஞ்சு பொரித்தாலும், பறவை இறந்தாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியவை: நீலம், மஞ்சள், வெள்ளை நிறங்களில் 'ரிங்நெக்' என்று விற்கப்படும் கிளிகள். நிறம்தான் வேறு. இனம் நம்மூர் பச்சைக்கிளி இனமேதான். "இது வெளிநாட்டுக் கிளி சார்" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காமல், வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த இனமாக இருந்தாலும் பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

வாங்கும் முன் ஆயுளையும் யோசிக்க வேண்டும். பட்ஜி 5 முதல் 10 ஆண்டுகள் வாழும். காக்டெய்ல் 15 முதல் 20 ஆண்டுகள். ஆப்பிரிக்கன் கிரே 40 ஆண்டுகளுக்கு மேல்கூட வாழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கினால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் கிளி வீட்டில்தான் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருக்கிறதே, என்ன செய்வது?

பயத்தில் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். குஞ்சிலிருந்து கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. தொடர்ந்து பறக்கும் அளவுக்கு இறக்கையில் பலம் இருக்காது. காக்கையும் பூனையும் பார்த்தால் அவ்வளவுதான்.

வனத்துறையைத் தொடர்புகொண்டு ஒப்படைப்பதே சரியான வழி. சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள வனத்துறை வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். பறக்கும் நிலையில் உள்ள பறவையைப் பழக்கி விடுவதா, காப்பிடத்தில் வைத்துப் பராமரிப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

காயம்பட்டோ, மாஞ்சா நூலில் சிக்கியோ ஒரு கிளி உங்கள் பால்கனியில் விழுந்தாலும் இதே நடைமுறைதான். காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக, அமைதியாக வைத்திருங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "குணமானதும் நாமே வச்சுக்கலாம்" என்ற எண்ணமும் வேண்டாம்.

சாப்பாடு: பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு என்ன?

ஒரு கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை அல்லது தினை, பக்கத்தில் தண்ணீர். பல வீடுகளில் கிளியின் வாழ்நாள் சாப்பாடே இவ்வளவுதான். கிளியும் ஆசையாகத்தான் சாப்பிடும். பிரச்சினையே அந்த ஆசைதான்.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிக அதிகம். வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் மிகக் குறைவு. காட்டில் கிளி தினமும் பல கிலோமீட்டர் பறப்பதால் கொழுப்பு எரிந்துவிடும். கூண்டில் உட்கார்ந்தே இருக்கும் கிளிக்கு அது கல்லீரலில் போய்ப் படியும். வைட்டமின் ஏ குறைந்தால் தும்மல், மூக்கடைப்பு, வாய்க்குள் வெள்ளைத் திட்டு, அடிக்கடி தொற்று என்று வரிசையாக வரும். வெளியே பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும். திடீரென்று ஒருநாள் காலையில் கூண்டின் அடியில் செத்துக் கிடக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லப்படும் பல மரணங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

சரி, தட்டில் என்னதான் இருக்க வேண்டும்?

பெல்லட்: எல்லாச் சத்தும் சேர்த்துத் தயாரிக்கப்படும் குருணை உணவு. தினசரி உணவில் பாதி அல்லது அதற்குமேல் இதுவாக இருப்பது நல்லது. கிளியின் அளவுக்கு ஏற்றதை வாங்க வேண்டும்.

காய்கறி, கீரை: முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, குடைமிளகாய், பீன்ஸ், கொத்தமல்லித்தழை. ஆரஞ்சு நிறக் காய்களிலும் கரும்பச்சைக் கீரைகளிலும் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து நிறைய இருக்கிறது. பாலக் கீரையை மட்டும் எப்போதாவது கொடுங்கள். அதில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியம் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

பழம்: கொய்யா, பப்பாளி, மாதுளை, கோவைப்பழம். தினமும் ஒன்றிரண்டு சின்னத் துண்டு போதும். பழத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் அதையே முக்கிய உணவாக்க வேண்டாம்.

தானியம், பயறு: தினை, சாமை, கம்பு, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த கொண்டைக்கடலை. முளைகட்டியது கொழகொழவென்று ஆனாலோ புளித்த வாடை வந்தாலோ தூக்கிப்போட்டு விடுங்கள்.

கால்சியம்: நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் நுரை' என்று கேட்டால் கொடுப்பார்கள். கடலில் நுரை மாதிரி மிதந்து வருவதால் அந்தப் பெயர். உண்மையில் அது கணவாயின் ஓடு. உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவி, காயவைத்துக் கூண்டில் கட்டிவிடலாம். முட்டையிடும் பெண் பறவைக்கு இது மிக அவசியம். ஜோடி இல்லாத பெண் பட்ஜியும் காக்டெய்லும்கூட முட்டையிடும். கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

சூரியகாந்தி விதையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஏதாவது பழக்கும்போது பரிசாக ஒன்றிரண்டு கொடுக்கலாம். சாக்லேட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடாக வேண்டாம்.

ஒரு நாள் சாப்பாட்டு டைம்டேபிள்

காலை 6.30 - 7 மணி: பசி அதிகமாக இருக்கும் நேரம். காய்கறி, கீரை, முளைப்பயறு வையுங்கள். தண்ணீர் மாற்றுங்கள்.

காலை 9 மணிக்குள்: மிச்சமான ஈரச் சாப்பாட்டை எடுத்துவிடுங்கள். சென்னை வெயிலுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கெட்டுப்போகும்.

பகலில்: பெல்லட் இருக்கட்டும்.

மாலை 4.30 - 5 மணி: அளவான தானியம், ஒரு துண்டுப் பழம். மறுபடி தண்ணீர் மாற்றுங்கள்.

விதை, தானியம் மட்டும் சாப்பிடும் பட்ஜிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.5 முதல் 2 டீஸ்பூன் போதும். பெல்லட்டும் காயும் சேரச் சேர தானியத்தைக் குறைக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கிளி விதையின் தோலை உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே போடும். பார்க்கும்போது கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தெரியும். உள்ளே வெறும் உமி மட்டுமே இருக்கலாம். "சாப்பாடு அப்படியே இருக்கே, பசிக்கல போல" என்று விட்டுவிட்டால் பறவை பட்டினி கிடக்கும். தினமும் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடமோ, ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டிலோ ஒப்படைத்தால் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

விதைக்குப் பழகிய கிளி பெல்லட்டைத் தொடவே மாட்டேன் என்கிறதா?

எல்லாக் கிளியும் முதலில் அப்படித்தான். பட்டினி போட்டுப் பழக்க நினைப்பது ஆபத்து. பட்ஜி போன்ற சின்னப் பறவை ஒரே நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்பு மோசமாகிவிடும்.

பழைய விதையோடு கொஞ்சம் பெல்லட் கலந்து ஆரம்பியுங்கள். வாரா வாரம் பெல்லட்டைக் கூட்டி விதையைக் குறையுங்கள். 4 முதல் 8 வாரங்கள் ஆகலாம். காய்கறியைத் துருவியும், கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டும், நீங்களே அதன் முன்னால் சாப்பிட்டுக் காட்டியும் பழக்கலாம். கூட்டமாக வாழும் பறவை என்பதால், மற்றவர் சாப்பிடுவதைப் பார்த்தால் தானும் ருசி பார்க்கும்.

இந்த நேரத்தில் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். பட்ஜி சுமார் 30 - 40 கிராம், காக்டெய்ல் சுமார் 80 - 100 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் 10 சதவீதம் குறைந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். 35 கிராம் பட்ஜிக்கு அது வெறும் 3.5 கிராம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

கிளிக்குக் கொடுக்கவே கூடாதவை எவை?

- அவகாடோ (வெண்ணெய்ப் பழம்): இதில் உள்ள 'பெர்சின்' என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும்.
- சாக்லேட், காபி, டீ, மதுபானம்.
- வெங்காயம், பூண்டு.
- ஆப்பிள் விதை. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.
- உப்பு, எண்ணெய் சேர்ந்தவை: முறுக்கு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட், ஊறுகாய் பட்ட சாதம்.
- பால், பால் சோறு: பறவைகள் பாலூட்டி இனம் இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் அவற்றுக்குச் செரிக்காது. 'பாலும் பழமும் கொடுத்து வளர்த்தேன்' என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், கிளி வயிற்றுக்கு ஆகாது.
- நாள்பட்ட வேர்க்கடலை, மக்காச்சோளம்: சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் எளிதில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உருவாக்கும் 'அஃப்ளடாக்சின்' கல்லீரலைக் கெடுக்கும் விஷம். கடலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நாம் சாப்பிட வாங்கும் தரத்தில், உப்பில்லாமல், அளவாகக் கொடுங்கள்.

இன்னொன்று: ரீல்ஸில் பார்த்துவிட்டு வாயிலிருந்து வாய்க்கு ஊட்டுவது வேண்டாம். நம் எச்சிலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பறவைக்கு நோயை உண்டாக்கும்.

மிளகாய் கொடுத்தால் கிளி பேசுமா?

மிளகாய் கொடுக்கலாம். பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் 'கேப்சைசின்' என்ற பொருள். நம் நாக்கு அதை எரிச்சலாக உணர்கிறது. பறவைகளின் நரம்புகள் அந்தக் காரத்தை உணர்வதில்லை. அதனால்தான் பச்சை மிளகாயைக் கிளி சாதாரணமாகக் கடித்துத் தின்கிறது. பேச்சு வருவது பழக்கத்தால்தான். தன் கூட்டத்தின் குரலைத் திருப்பிச் சொல்வது கிளியின் இயல்பு. வீட்டில் நாம்தான் அதன் கூட்டம் என்பதால் நம் குரலைப் பிடிக்கிறது. எல்லாக் கிளியும் பேசாது. பேசவில்லை என்பதற்காக நாக்கைச் சுரண்டுவது, கூண்டைத் துணியால் மூடித் தனிமையில் வைப்பது எல்லாம் கொடுமை.

கூண்டை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

சமையலறையில் வைக்கவே கூடாது. நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் வெறுமனே விட்டுச் சூடு அதிகமானால், அதன் பூச்சிலிருந்து கிளம்பும் புகை சில நிமிடங்களிலேயே கிளியைக் கொன்றுவிடும். நமக்கு வாடைகூடத் தெரியாமல் இருக்கலாம். பறவையின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்திருப்பதால், காற்றில் உள்ளதை அது நம்மைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். கிளி இருக்கும் வீட்டில் தோசைக்கு இரும்புக் கல்லே பாதுகாப்பு.

கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, சிகரெட் புகை எதுவும் கிளி இருக்கும் அறையில் வேண்டாம். போகி அன்று அதிகாலையும் தீபாவளி இரவும் ஜன்னலை மூடி, உள் அறையில் வைப்பது நல்லது.

கூண்டு: இரு இறக்கையையும் முழுசாக விரித்து அடிக்கும் அளவுக்கு அகலம் தேவை. உருண்டைக் கூண்டைவிட நீளமான செவ்வகக் கூண்டு நல்லது. துத்தநாகப் பூச்சு உதிரும் மலிவுக் கம்பிக் கூண்டு ஆபத்து. கிளி அதைக் கடித்துக்கொண்டே இருந்தால் விஷம் ஏறும்.

உட்காரும் கம்பு: ஒரே அளவு பிளாஸ்டிக் கம்பில் நாள் முழுக்க நின்றால் காலில் புண் வரும். மருந்து அடிக்காத கொய்யா, வேப்பமரக் கிளைகளைக் கழுவிக் காயவைத்து, வெவ்வேறு தடிமனில் பொருத்துங்கள்.

வெயில்: காலை இளவெயில் 15 - 20 நிமிடம் பட்டால் வைட்டமின் டி கிடைக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தப் பலன் இருக்காது. கூண்டில் பாதி எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் கிளி வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

சீலிங் ஃபேன்: கூண்டைத் திறப்பதற்கு முன் ஃபேனை நிறுத்தி, ஜன்னல், கதவை மூடி, பாத்திரங்களில் இருக்கும் தண்ணீரை மூடி வையுங்கள். ஓடும் ஃபேனில் அடிபட்டால் உயிர் பிழைப்பது கஷ்டம்.

சாப்பாடு கொடுத்தால் போதாதா? வேறென்ன தேவை?

தூக்கமும் துணையும். கிளிக்கு தினமும் 10 முதல் 12 மணி நேரம் இருட்டான, சத்தமில்லாத தூக்கம் வேண்டும். ஹாலில் ராத்திரி 11 மணி வரை சீரியலும் கிரிக்கெட்டும் ஓடினால் அதற்குத் தூக்கம் கிடைக்காது. இரவில் அமைதியான அறைக்கு மாற்றுங்கள்.

தினமும் ஒன்றிரண்டு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே, கண் பார்வையில் விடுங்கள். கடித்துக் கிழிக்க அச்சில்லாத அட்டை, தென்னை ஈர்க்கு, உரிக்காத பட்டாணி என்று ஏதாவது கொடுங்கள். காட்டில் கிளியின் பகல் பொழுதில் பெரும்பகுதி இரை தேடுவதில்தான் போகும். கூண்டில் அந்த வேலை இல்லாமல் போனால், தன் இறகையே பிடுங்கிக்கொள்ள ஆரம்பிக்கும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், வீடு 10 மணி நேரம் பூட்டியே இருக்கும் என்றால், ஒற்றைக் கிளி வாங்குவதை மறுபடி யோசிப்பது நல்லது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கிளி நோயைக் காட்டிக்கொள்ளாது. கூட்டத்தில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வேட்டையாடும் பறவை குறிவைக்கும் என்பதால் இது அதன் தற்காப்பு. நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்:

- பகலிலும் இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிவது
- கம்பில் ஏறாமல் கூண்டின் அடியில் உட்கார்ந்திருப்பது
- மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது
- எச்சத்தின் நிறம், தன்மை மாறுவது (பீட்ரூட், பப்பாளி சாப்பிட்ட அன்று நிறம் மாறினால் பயப்பட வேண்டாம்)
- சாப்பிட்டதைக் கக்கித் தலையை உதறுவது
- பெண் பறவை வயிறு வீங்கி முக்கிக்கொண்டே இருப்பது

நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டர்களும் பறவை பார்ப்பதில்லை. கிளி வாங்கிய வாரமே, பறவை பார்க்கும் டாக்டர் யார் என்று விசாரித்து நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். அபிராமபுரத்தில் இருந்து போவதென்றால் நகரின் மறுபக்கம் போக வேண்டும். சின்னப் பெட்டியில் வைத்து, காற்றோட்டம் விட்டுத் துணி போர்த்தி, வெயிலுக்கு முன் கிளம்புங்கள்.

கிளியிடமிருந்து மனிதருக்கு நோய் வருமா?

வரலாம். 'சிட்டகோசிஸ்' எனப்படும் கிளிக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியா, காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மூச்சில் போகும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், சில நேரம் நிமோனியா வரை போகும். 2024-ன் தொடக்கத்தில் ஐரோப்பாவின் சில நாடுகளில் இந்தப் பாதிப்பு வழக்கத்தைவிட அதிகரித்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. ஆன்டிபயாடிக் மருந்தால் குணப்படுத்தக்கூடிய நோய்தான்.

கூண்டுத் தட்டில் தாளை விரித்து தினமும் மாற்றுங்கள். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க் போட்டுத் துடையுங்கள். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சல், இருமல் என்று டாக்டரிடம் போனால் "வீட்டில் கிளி இருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு இந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

கூண்டே இல்லாமல் கிளியோடு பழக முடியுமா?

பச்சைக்கிளிதான் பிடிக்கும், ஆனால் வளர்க்கச் சட்டம் விடவில்லை என்று ஏங்குபவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் மொட்டைமாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைக்கத் தொடங்கினார். நாளாக நாளாகக் கூட்டம் பெருகி, ஆயிரக்கணக்கான கிளிகள் காலையும் மாலையும் வந்தன. பலகைகளில் ஊறவைத்த அரிசியைப் பரப்பி, பல ஆண்டுகள் தன் வருமானத்தில் இருந்தே அவற்றுக்கு உணவளித்தார். 'சென்னையின் பறவை மனிதர்' என்று பெயரும் வந்தது.

அந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்பதில்லை. அபிராமபுரம் போன்ற பகுதியில் மொட்டைமாடி ஓரத்தில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைத்தாலே போதும். தினமும் கழுவி மாற்றினால் நோயும் கொசுவும் வராது. தெருவில் பொந்து விழுந்த பழைய மரம் இருந்தால், ஆபத்தில்லாத பட்சத்தில் அதை வெட்டாமல் விடச் சொல்லிக் கேட்கலாம். கிளி முட்டையிட அந்தப் பொந்துதான் வேண்டும்.

சுருக்கமாக...

- நாட்டுப் பச்சைக்கிளி, அலெக்சாண்டிரின்: வளர்க்கக் கூடாது, வாங்கவும் கூடாது. இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும், தானாகப் பறக்கவிடக் கூடாது.
- பட்ஜி, காக்டெய்ல்: வளர்க்கலாம். ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், கான்யூர்: பதிவு கட்டாயம்.
- விதை மட்டும் போதாது. பெல்லட், கீரை, காய், கொஞ்சம் பழம், கடல் நுரை.
- பால், உப்பு, அவகாடோ, சாக்லேட், காபி வேண்டாம்.
- நான்-ஸ்டிக் புகை, ஓடும் ஃபேன், உச்சி வெயில்: மூன்றும் உயிருக்கு ஆபத்து.
- தினமும் உமியை ஊதிப் பாருங்கள், வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

யாராவது வாட்ஸ்அப்பில் "பச்சைக்கிளிக் குஞ்சு இருக்கு, 2 வேணுமா?" என்று படம் அனுப்பினால், வாங்கவும் வேண்டாம், மற்றவர்களுக்கு ஃபார்வர்டு செய்யவும் வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.